பாதையில்லாத இரண்டு ஏக்கர்

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் சொர்ணவல்லியின் கமிஷன் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்படவும் இல்லை. மல்லிகைப் பையோடு வருகிற விவசாயிகள் அவள் குரல் கேட்கிற திசையில் நடந்தால் போதும், கடை வந்துவிடும். பைக்குள் கையை விட்டுப் பார்த்தே, வெயிலுக்கு முன் பறித்த பூவா, எடைக்காகத் தண்ணீர் தெளித்த பூவா என்று சொல்லிவிடுவாள். கணவர் வெள்ளைச்சாமி அதை வேனில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோவார். அவர் அதிகம் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

புகுந்த வீட்டில் அவள்தான் மூத்த மருமகள். பெண் பார்ப்பதானாலும், மாடு வாங்குவதானாலும், பிள்ளையைக் காலேஜில் சேர்ப்பதானாலும் சொந்தக்காரர்கள் முதலில் அவளைத்தான் கேட்பார்கள். இளைய மருமகள் சுகுணாவை யாரும் எதுவும் கேட்டதில்லை. சுகுணாவின் கணவன், வெள்ளைச்சாமியின் தம்பி முத்துராஜ், சிங்கப்பூரில் இருந்தான். அவள் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டு, மகள் இலக்கியாவைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். விசேஷ வீடுகளில் அவளைப் பார்த்தால், "சொர்ணவல்லி அக்கா வரலையா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும்.

கஜா புயலில் ஊர்த் தென்னைகள் எல்லாம் விழுந்த அடுத்த வருடம், மூக்கன் என்கிற நிலத் தரகர் மருமகள்கள் இருவரையும் அன்னவாசல் பக்கம் கூட்டிப்போனார். கீரமங்கலத்தில் ஒரு ஏக்கர் வாங்குகிற காசில் அங்கே நாலு ஏக்கர் வாங்கலாம் என்றார். போய்ப் பார்த்தால் சரளைக்கல்லும் செம்மண்ணும். வெட்டிப்போட்ட தைலமரங்களின் அடிக்கட்டைகள் நிலம் முழுக்க நீட்டிக்கொண்டிருந்தன.

சொர்ணவல்லி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, மூக்கனின் முகத்துக்கு நேரே உதிர்த்துக் காட்டினாள்.

"இதுல ஆடு கூட மேயாது மூக்கா. இதுக்கா அம்பது கிலோமீட்டர் டீசல் போட்டு வந்தோம்?"

சுகுணா நிலத்தின் நான்கு ஓரமும் நடந்துவிட்டு வந்தாள். ரோட்டுக்கும் நிலத்துக்கும் நடுவில் வேறு யாருடைய இடமாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றார் மூக்கன். ஒரு மாதம் கழித்து, தன் இரட்டை வடச் சங்கிலியை விற்று மூன்று ஏக்கரை வாங்கிவிட்டாள்.

சொர்ணவல்லிக்கு அப்போது கோபமே வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. "நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கலயே" என்று மார்க்கெட்டில் எல்லோரிடமும் சொன்னாள்.

ஆனால் போர் போட்டதும் சுகுணாவுக்கு முந்நூறு அடியிலேயே தண்ணீர் வந்தது. கட்டைகளைப் பிடுங்கிவிட்டுக் கொய்யா வைத்தாள். ஞாயிறுதோறும் பஸ் மாறி மாறி அன்னவாசல் போய் வந்தாள். மூன்றாம் வருடம் காய்ப்பு வந்தது. அதே வருடம் ரோட்டை அகலப்படுத்தினார்கள். நிலத்துக்கு எதிரே ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழும்பியது. திருச்சியிலிருந்து காரில் வந்தவர்கள் சுகுணாவிடம், கொடுத்த விலைக்கு ஐந்து மடங்கு தருகிறோம், கொடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் கொடுக்கவில்லை.

செய்தி ஊருக்கு வந்து சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடுத்து நடந்த ஒரு காதுகுத்து விருந்தில், ஓய்வுபெற்ற ஆசிரியரான உறவுக்காரர் ஆத்மநாதன், சொர்ணவல்லியின் இலையைத் தாண்டிப்போய்ச் சுகுணாவின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏத்தா, எம் மகனுக்கு எலுப்பூருப் பக்கம் ஒரு எடம் சொல்றாங்க. நீ ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லேன்."

சொர்ணவல்லி சோற்றில் ஊற்றிய சாம்பார் அப்படியே இருந்தது. இருபது வருடமாக அந்தக் கேள்வி அவளுடையது. அந்த நாற்காலி அவள் எதிரே விழவேண்டிய நாற்காலி. பாயசம் வருவதற்குள் தலைவலி என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் புதிதாக ஒரு வேலை வந்து சேர்ந்தது. சுகுணா ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தோட்டத்தின் படம் போடுவாள். தன் போனில் பார்த்தால் பார்த்தது தெரிந்துவிடும் என்று சொர்ணவல்லி கணவரின் போனை வாங்கிப் பார்ப்பாள். படத்தைப் பெரிதாக்கி, எந்த இலையிலாவது பூச்சி அரித்திருக்கிறதா என்று தேடுவாள். ஒருமுறை ஒரு மரத்தில் இலைகள் மஞ்சளாகத் தெரிந்தன. அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. மறுவாரம் அந்த மரம் பச்சையாகிவிட்டது.

ஒருநாள் மூக்கனுக்குப் போன் செய்தாள்.

"அவ நெலத்துக்கு ஒட்டுனாப்புல ஏதாச்சும் வெலைக்கு வருதா?"

"பின்னாடி ரெண்டு ஏக்கர் இருக்குக்கா. ஆனா இப்ப வெல பழைய வெல இல்ல."

"வெலையப் பத்தி நீ ஏன் கவலப்படுற? சுகுணாவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

சுகுணா வராத ஒரு செவ்வாய்க்கிழமை, மூக்கன் சொர்ணவல்லியைக் கொய்யா மரங்களுக்கு நடுவே நடத்திக் கூட்டிப்போய்ப் பின்பக்கத்து நிலத்தைக் காட்டினார். போகிற வழியெல்லாம் அவள் மரங்களைத்தான் பார்த்துக்கொண்டு போனாள். எந்த வழியாகப் போகிறோம் என்று பார்க்கவில்லை. வெள்ளைச்சாமி, சர்வேயரை வைத்து ஒருமுறை அளந்து பார்த்துவிடலாமே என்றார்.

"நீங்க அளந்து முடிக்கிறதுக்குள்ள இதையும் அவளே வாங்கிருவா" என்றாள் சொர்ணவல்லி. சுகுணா கொடுத்ததைப்போல ஆறு மடங்கு விலையில் பத்திரம் முடிந்தது.

பதிவு முடிந்த மாலையே லட்டு டப்பாவோடு முதலில் சுகுணா வீட்டுக்குத்தான் போனாள். சுகுணா தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்க்கா வாங்கியிருக்கீங்க?"

"ஒனக்குப் பின்னாடி."

சுகுணாவின் முகம் மாறியது. "பத்திரத்துல பாதை எழுதியிருக்காக்கா?"

"அதெல்லாம் இல்லாமலா வாங்குவேன்?" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பத்திரத்தைப் பிரித்தாள். நான்கு எல்லையும் எழுதியிருந்தது. வடக்கே பாறை. கிழக்கே கண்மாய். மேற்கே வனத்துறை வேலி. தெற்கே சுகுணாவின் மூன்று ஏக்கர். பாதை என்ற சொல்லே எங்கும் இல்லை.

மூக்கனைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவர் அசரவில்லை.

"ஒங்க ஓரகத்தி நெலம்தானக்கா? நீங்க ஒரு வார்த்த கேட்டா குடுத்துட்டுப் போறாங்க."

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் கேட்க முடியவில்லை. கண்மாய்க் கரையில் ஒற்றையடிப்பாதை ஒன்று இருந்தது. அதில் ஆள் நடக்கலாம், டிராக்டர் போகாது. ஐப்பசியில் மழை பிடித்ததும் அந்தக் கரையும் முழங்கால் சேறாகிவிட்டது. ஒருநாள் பாதி தூரம் போய்ச் செருப்பைச் சேற்றில் பறிகொடுத்துத் திரும்பிவந்தாள். மரங்களுக்கு நடுவிலிருந்து அதைப் பார்த்த சுகுணா, "அக்கா, இங்கிட்டு வாங்க, நம்ம தோட்டத்து வழியாப் போங்க" என்று கூப்பிட்டாள். சொர்ணவல்லி காதில் விழாததுபோல நடந்தாள்.

நிலம் வாங்கி எட்டு மாதமாகியும் ஒரு குச்சிகூட நடவில்லையே என்று மார்க்கெட்டில் பூக்கட்டும் சந்தனமேரி ஒருநாள் கேட்டாள். சொர்ணவல்லியின் வாயிலிருந்து பொய் ஒன்று வந்துவிட்டது.

"எங்க நடுறது? பாதை கேட்டேன், தரமாட்டேன்னுட்டா எங்க ஓரகத்தி."

சொன்னதும், அப்படியில்லை என்று திருத்தத்தான் நினைத்தாள். ஆனால் சந்தனமேரி, "கூடப்பொறந்த பொறப்பாட்டம் இருந்தீங்களே, இப்பிடியா பண்ணுவா?" என்று வருத்தப்பட்டபோது, வெகுநாளாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியதுபோல இருந்தது. மறுநாள் இன்னொருவரிடம் சொன்னாள். அப்புறம் ஆத்மநாதனிடம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் கதையில் ஒரு வரி கூடியது. ஆத்மநாதனிடம் சொல்லும்போது சுகுணா வாசல் கதவைச் சாத்தியதாகவும் சொல்லிவிட்டாள். அவர் தலையை ஆட்டி, இனி மகனுக்கு இடம் பார்க்கச் சுகுணாவைக் கூப்பிடப்போவதில்லை என்றார். அன்று சொர்ணவல்லி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

பத்தே நாளில் கதை சிங்கப்பூர் போய்விட்டது. முத்துராஜ் மனைவியைப் போனில் கூப்பிட்டு, "அண்ணி எனக்கு அம்மா மாதிரி. ஒனக்கு நாலு கொய்யா மரம் பெருசாப் போச்சா?" என்று வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறான்.

மறுநாள் காலை மார்க்கெட் நிறைந்திருந்த நேரத்தில் சுகுணா வந்தாள். அவள் அங்கே வருகிற வழக்கமே இல்லை. முல்லைப் பையைத் தராசில் வைத்துக்கொண்டிருந்த சொர்ணவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, எங்கிட்ட நீங்க எப்பப் பாதை கேட்டீங்க?"

குரல் உயரவில்லை. ஆனாலும் சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரின் பேச்சு நின்றது. சந்தனமேரி கையில் நாரோடு அப்படியே திரும்பினாள்.

"சொல்லுங்கக்கா. எந்த நாளு? எந்த எடத்துல?"

சொர்ணவல்லி தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கல" என்றாள் கடைசியில்.

"இப்பக் கேளுங்க."

அவள் ஏங்கி ஏங்கிச் சேர்த்த பெயரெல்லாம் இந்த மார்க்கெட்டில்தான் இருந்தது. இங்கே, இத்தனை பேர் முன்னால். போய்விடலாமா என்று நினைத்தாள். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற வெள்ளைச்சாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவளை நிற்கவைத்தது.

"எனக்குப் பாதை வேணும் சுகுணா."

"தாரேன். ஆனா சும்மா தரமாட்டேன். பன்னெண்டு அடி அகலத்துக்கு ஒங்களுக்கு விட்டா, அதே அளவு கண்மாய்ப் பக்கம் எனக்கு நீங்க விடணும். ரெண்டு பேரும் பத்திரம் போட்டுக்குவோம். நாளைக்கு நம்ம புள்ளைக சண்ட போடக் கூடாது. இன்னொண்ணு, இன்னைக்கே ஒங்க கொழுந்தனுக்குப் போன் போட்டு உள்ளத நீங்களே சொல்லிருங்க."

அன்று மதியம் சொர்ணவல்லி முத்துராஜிடம் பேசினாள். "நான் பொய் சொன்னேன்ப்பா. பாதை நான் கேக்கவே இல்ல" என்றாள். அவன், "ஏன் அண்ணி?" என்றான். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

பாதைக்காகப் பதினொரு கொய்யா மரங்களைப் பிடுங்க வேண்டியிருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்றே சொர்ணவல்லி காலையில் போய்விட்டாள். எத்தனை நாள் அந்த மரங்கள் பட்டுப்போக வேண்டும் என்று நினைத்திருப்பாள்! முதல் மரத்தின் வேரில் ஜேசிபி கை வைத்ததும் பிஞ்சுகள் சடசடவென்று உதிர்ந்தன. சுகுணா அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். நான்காவது மரத்துக்கு மேல் சொர்ணவல்லியாலும் பார்க்க முடியவில்லை.

பாதை வந்தது. டிராக்டர் போனது. போர் போட்டதில் சொர்ணவல்லிக்கு நானூற்று இருபது அடியில்தான் தண்ணீர். வரப்பில் நின்று மனசுக்குள் சுகுணாவின் முந்நூறைக் கழித்துப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொய்யா வைக்கக் கூடாது என்று எலுமிச்சை வைத்தாள். அதற்கு எவ்வளவு குழி வெட்டுவது, எந்தப் பட்டத்தில் நடுவது என்பதைச் சுகுணாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டாள். இந்த முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அவளே நம்பமாட்டாள். போன மாதம்கூடச் சுகுணாவின் காய் கிலோவுக்கு நல்ல விலை போனதைக் கேட்டு அரைநாள் யாரோடும் பேசவில்லை. ஆனால் இப்போது ஸ்டேட்டஸைத் தன் போனிலேயே பார்க்கிறாள். ஞாயிறு காலை பஸ்ஸில் முன்னால் ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்துச் சுகுணாவுக்கு இடம் பிடிக்கிறாள்.

ஒரு ஞாயிறு பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த பெண், இருவரின் கையிலும் ஒரே மாதிரித் தண்ணீர்க் கேனைப் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் சொர்ணவல்லி. "ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல நெலம். இவளுது ரோட்டு மேல இருக்கு."

சுகுணா சிரித்தபடி டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்தாள். சொர்ணவல்லி அவள் கையைத் தள்ளிவிட்டு, இரண்டு அன்னவாசல் என்று கண்டக்டரிடம் ரூபாயை நீட்டினாள்.