கண் திறக்காத எழுத்து

சீன எழுத்துகளைப் படிக்கிற பைத்தியம் மஸ்கட்டில் நர்சாக இருந்தபோது பிடித்தது. அதிலும் கண்ணைக் குறிக்கும் எழுத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். நிமிர்ந்து நிற்கும் ஒரு கட்டம், உள்ளே இரண்டு குறுக்குக் கோடு, அவ்வளவுதான். ஆதியில் படுக்கை வசத்தில் நிஜக் கண் போலவே வரைந்தார்களாம். பிறகு யாரோ எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். வலையின் துளைக்கும் அதுவே பெயர், நம் கடற்கரையில் வலைக்கண் என்கிற மாதிரி. பழைய நூல்களில் வினையாகவும் வரும். கொடிய அரசனுக்குப் பயந்த ஜனங்கள் வழியில் எதிர்ப்பட்டால் பேசமாட்டார்கள். இந்த எழுத்தை மட்டும் செய்வார்கள், அதாவது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் நானும் அக்காவும் நான்கு வருடமாக அப்படித்தான். கோட்டாறு கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் ஒரு பார்வை, பிறகு அவரவர் வழி. அப்பா சாகக் கிடந்தபோது நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். எத்தனையோ நோயாளிகளின் கண்ணை மூடிவிட்ட எனக்கு அப்பாவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மயிலாடியில் அக்கா வீட்டை ஒட்டியே அத்தானின் சிற்பப் பட்டறை. ஒரு சாண் கல்லில் அந்த எழுத்தைக் கொத்தித் தரச்சொல்லி அவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். கல் ஒரு சாக்கு; அக்கா ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்ற நப்பாசைதான். அத்தான் அர்த்தம் கேட்டார், சொன்னேன்.

வாங்கப் போன மத்தியானம் பட்டறை முழுக்கக் கல்தூசி வெயிலில் மிதந்தது. எங்கோ உளிச்சத்தம், கனவில் கேட்பது போல. கல்லில் வெறும் கட்டம்தான் இருந்தது. உள்ளே கோடுகளைக் காணோம்.

"கண்ணுல்லா மக்கா. உடையவ வராம தொறக்கப்பிடாது," என்றார் அத்தான்.

கண் திறப்பெல்லாம் சாமி சிலைக்குத்தான், இது வெறும் எழுத்து என்று சிரித்தேன். அவர் மசியவில்லை. திறந்த கண்ணின் முதல் பார்வை கண்ணாடியில்தான் விழவேண்டும் என்று சொல்லி, அதைப் பிடிக்க அக்காவைக் கூப்பிட்டார். வந்தாள். கல்லுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்க்காமல், கல்லுக்கு எதிரே கண்ணாடியை நெஞ்சோடு பிடித்து நின்றாள். முதல் கோடு, இரண்டாவது கோடு. அத்தான் தூசியை ஊதிவிட்டு உளியைக் கீழே வைத்தார். அக்கா கண்ணாடியை இறக்கவில்லை. மெல்ல உயர்த்தி முகத்தை அதன் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, அப்பா கடைசி வர வாசலைத்தான் பாத்துட்டுக் கெடந்தாவ."

"நான் லீவே கேக்கலக்கா," என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது.

"தெரியும்," என்றாள்.

கண்ணாடியை அப்படியே பிடித்திருந்தாள். அதில் நான் அழுவது எனக்கே நன்றாகத் தெரிந்தது.