வாசலில் ஏணி சாத்தியவர்கள்

டேனிஷ் நகரமான விபோர்க்கில் இருந்த மாடிவீட்டை விட்டு ஒரு சின்னக் கிராமத்துக்குக் குடிபோனோம். நாங்கள் வாங்கிய வீடு முன்பு அந்த ஊரின் கூட்டுறவுப் பால் நிலையமாக இருந்ததாம். மாடு வளர்த்த கமக்காரர்கள் பங்கு போட்டுக் கட்டியது. கடையும் பள்ளிக்கூடமும் மூடிய பிறகு, தேவாலயத்தையும் ஊர் மண்டபத்தையும் விட்டால் அதுதான் அவர்களுக்கு மிஞ்சிய பழைய கட்டடம். முதல் வாரமே எதிர்வீட்டுக் கிழவர் வேலியருகே நின்று, "இது எங்கள் எல்லோருடைய வீடும்தான்" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. அந்தப் பேச்சு என் மனதைவிட்டுப் போகவேயில்லை.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை, விடியும்போதே வாசலில் டிராக்டர் வந்து நின்றது. திரையை விலக்கிப் பார்த்தேன். ஊர்ச்சனம் பத்துப் பதினைந்து பேர். கையில் மரம் அரியும் வாள், கயிறு. இரண்டு பேர் எங்கள் சுவரில் ஏணி சாத்தினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"என்னப்பா, எழும்புங்கோ. சனம் வந்து நிக்குது."

கணவர் எட்டிப் பார்த்தார். "லைட்டைப் போடாதையும். பிள்ளையின்ர அறைக்குப் போம்."

மன்னாரில் என் அண்ணாவைக் கொண்டுபோனவர்களும் இப்படித்தான் விடியற்காலையில் சத்தமில்லாமல் வந்தார்கள். மகளின் அறைக்கு ஓடினேன். கட்டில் வெறுமையாக இருந்தது.

"பிள்ளையைக் காணேல்லை" என்றேன்.

அவர் குசினிக்குள் போய்த் தேங்காய்க் கத்தியை எடுத்தார். இடுப்பில் கட்டிய சாரத்தோடே போய்க் கதவைத் திறந்தார்.

உடனே ஒரு ட்ரம்பெட் முழங்கியது. நான் சுவரோடு ஒட்டிக் குந்திவிட்டேன்.

கதவைச் சுற்றிப் பசுமையான மரக்கிளைகளால் ஒரு வளைவு, டிராக்டரில் கட்டியே கொண்டுவந்தது. உச்சியில் வெள்ளித்தாளில் வெட்டிய இருபத்தைந்து என்ற எண். அதன் கீழே எங்கள் மகள், தலைமயிரில் இலைத் துணுக்குகளோடு. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் என்று அவள்தான் ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். வெள்ளிவிழாக் காணும் எந்தத் தம்பதிக்கும் இங்கே அயலவர் வாசலில் வளைவு கட்டிப் பாடி எழுப்புவார்களாம். எங்களுக்கு அது தெரியாது.

அவர்கள் பாடினார்கள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுவதாக நினைத்து ஒரு பெண் என்னைக் கட்டிப்பிடித்தாள். கணவர் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நின்றார். கிழவர் அதைக் கண்டுவிட்டார், ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை.

அவர்கள் கொண்டுவந்த பாண் ரொட்டியோடு குடிக்க நான் கோப்பி ஊற்றினேன். பாதி தட்டில் சிந்தியது. கிழவர் கேத்தலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இந்த ஊரில் யாரிடமும் கேட்காமல்தான் இதைச் செய்வோம். உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்."

எல்லோரும் போன பிறகு மகள் என்னிடம் டேனிஷில் கேட்டாள், "உங்களுக்குப் பிடிக்கவில்லையா அம்மா?"

"பிடிச்சதடி" என்றேன்.

வளைவு காய்ந்து பழுப்பாகும்வரை அங்கேயே நின்றது. அதுவரை நான் பின்கதவால்தான் வேலைக்குப் போய்வந்தேன்.