மஞ்சள் துணி கட்டிய கிடாக்கள்

ஏரிக்கரையில் ஆடுமாடு விரட்டுகிற வேலையில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது தொண்டை. 'இங்கே வரக்கூடாது' என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நிற்பவர், கல்யாண மண்டபத்தில் கார் நிறுத்த விடாதவர், வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரத்துக் காவலர். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

பாரிசுக்கு வெளியே ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பல வருஷம் செக்யூரிட்டியாக நின்றவன் நான். அப்பா போன பிறகு முதலியார்பேட்டை வீட்டைப் பூட்டிப்போட மனமில்லாமல் திரும்பி வந்தேன். ஊருக்கு மேற்கே உள்ள ஏரியைப் பறவைகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்திருந்தார்கள். கரையோரம் மரம் வளர்க்கிற பொறுப்பு ஒரு டிரஸ்டிடம் இருந்தது. அவர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவைப்பட்டார், எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. சூப்பர்மார்க்கெட்டில் பொருளை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவர்களைத் தடுத்தேன். இங்கே வெறும் வயிற்றோடு உள்ளே வருகிறவற்றைத் தடுக்க வேண்டும்.

மூன்று மொழிப் பலகை

'மேய்ச்சலுக்கு அனுமதி இல்லை' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் பிரெஞ்சிலும் பலகை வைத்தோம். பிரெஞ்சு வரியைப் பிழையில்லாமல் எழுதியது நான்தான். பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்கிய அடி வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் போனபோது தாமோதரனின் எருமைகள் அந்தப் பலகையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தன. தாமோதரன் மில் தொழிலாளியாக இருந்தவர். மில் மூடிய பிறகு எருமை வாங்கி, வீடு வீடாகப் பால் ஊற்றுகிறார். விடிவதற்கு முன்பே வந்து, எருமைகளை ஏரியில் இறக்கிவிட்டு, கரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். இனிமேல் கேட்டைப் பூட்டப் போகிறோம் என்று சொன்னேன். பேப்பரை நிதானமாக மடித்தார்.

"மில்லுல லேட்டா வந்தாத்தான் சார் கேட்ட மூடுவாங்க. நீங்க சீக்கிரம் வந்தவனுக்கும் மூடறீங்களே."

டாக்டர் எடுத்த படம்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டாக்டர் வருவார். அவருடைய கேமராவைத் தூக்கிவர ஒரு ஆள், அதை நிறுத்தி வைக்க ஒரு முக்காலி. தண்ணீரில் நின்ற கொக்குகளைப் படமெடுக்கும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு எருமை வந்துவிடுகிறது என்று புகார் செய்தார். பாதுகாக்கப்பட்ட இடத்தில் எருமை எப்படி வரலாம் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். கேட்டைப் பூட்டினால் கரையைச் சுற்றி வருகிறது என்றேன். பிறகு வாட்சர் ஏழுமலையும் நானும் முழங்கால் சேற்றில் இறங்கி, கத்தி, தண்ணீரை அடித்து, எருமைகளைக் கரையேற்றினோம்.

எருமைகள் ஏறின. அவற்றின் காலடியில் கிளம்பும் பூச்சிக்காக நின்ற கொக்குகளும் எழுந்து, எருமைகளின் பின்னாலேயே போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கின. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் காலியாகக் கிடந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் அந்தக் காலித் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு எருமைய மட்டும் திரும்ப இறக்க முடியுமா? ஃபிரேமுக்கு வெளிய நின்னா போதும்."

சாமி ஆடு

எருமையைவிட ஆடுதான் எங்களுக்கு எமன். எருமை தண்ணீருக்குப் போய்விடும். ஆடு நேராக மரக்கன்றுக்கு வரும். நாங்கள் நட்ட கன்றுகளின் கொழுந்தை நுனியிலிருந்து அடிவரை உருவி விட்டு, அடுத்த கன்றை முகர்ந்து பார்க்கும்.

பெரும்பாலும் அவை செல்வியின் கிடாக்கள். செல்வி ஏரிக்குக் கிழக்கே குடியிருப்பவள், புருஷன் இல்லை. வருஷா வருஷம் கிடாக்குட்டி வாங்கி வளர்த்து, பக்ரீத்துக்கு முன்னால் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் கரீம் பாய்க்கு விற்பாள். கரீம் பாய் தன் வீட்டுக்கும் உறவுக்காரர்களுக்கும் சேர்த்து மொத்தமாக எடுத்துக்கொள்வார். இந்த வருஷக் கிடாக்களை நம்பித்தான் மகளை நர்சிங் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அடுத்த முறை உள்ளே பார்த்தால் பிடித்துக் கொம்யூன் பஞ்சாயத்துப் பட்டியில் அடைத்துவிடுவேன், அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

அடுத்த முறை வந்தபோது ஒவ்வொரு கிடாவின் கழுத்திலும் மஞ்சள் துணி கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் விரட்டமாட்டார்கள், யார் நிலத்தில் மேய்ந்தாலும் கேட்கமாட்டார்கள். "எல்லாமே நேர்ந்ததா?" என்றேன். செல்வி என் முகத்தைப் பார்க்காமல், ஏரிக்கரை முனீஸ்வரன் கோயில் இருந்த திசையைக் காட்டினாள்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? புடிக்கிறதா இருந்தா அவரண்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் புடிங்க."

ஏழுமலை ஒதுங்கியது

எனக்குக் கேட்பதில் தயக்கம் இல்லை. ஏழுமலைக்கு இருந்தது. பாம்பைக் கையால் பிடித்துச் சாக்கில் போடுகிறவர் அவர். ஆனால் மஞ்சள் துணியைக் கண்டதும் கையிலிருந்த கயிற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டார். கிடாக்கள் எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு வரிசைக் கன்றை முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போயின. இது செல்வி செய்கிற தந்திரம், உங்களுக்குத் தெரியவில்லையா என்றேன்.

"தெரியுது சார். ஆனா அது தந்திரம்னு சாமிக்குத் தெரியணுமில்ல?"

பூசாரி வந்தார்

முனீஸ்வரன் கோயில் பூசாரிக்குச் செய்தி எட்ட ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு காலையில் தட்டோடு வந்தார். எந்தக் கேள்வியும் கேட்காமல் ஒவ்வொரு கிடாவின் நெற்றியிலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். ஆடித் திருவிழாவுக்கு இப்படி மொத்தமாக யாரும் கொடுத்ததில்லையாம். செல்வியின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லப் போவதாகச் சொன்னார். செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. துணியை அவிழ்க்கவும் முடியாமல், விடவும் முடியாமல் நின்றாள். இல்லை என்று சொன்னால் நான் பக்கத்தில் நிற்கிறேன், ஆமாம் என்று சொன்னால் மகளின் படிப்பு போகிறது.

பூசாரி அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார்.

"புருஷன் இல்லாத பொம்பள, மொத்தக் கிடாவையும் குடுத்துட்ட பாரு. இங்க டிராக்டர் வச்சிருக்கவன்லாம் கோழியோட நிறுத்திக்கிறான்."

கரீம் பாய் கை வைக்கவில்லை

பக்ரீத் நெருங்கியதும் கரீம் பாய் மினி லாரியோடு வந்தார். செல்வி அன்று விடியற்காலையிலேயே துணிகளை அவிழ்த்து, கிடாக்களைக் குளிப்பாட்டியிருந்தாள். ஆனால் வெள்ளைக் கிடாக்களின் நெற்றியில் சிவப்பு போகவில்லை. கரீம் பாய் வழக்கமாகப் பல்லைப் பார்ப்பார், காதைப் பார்ப்பார், முதுகைத் தட்டிப் பார்ப்பார். அன்றைக்கு நெற்றியைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வேறு சாமி பெயர் சொல்லி நேர்ந்துவிட்டதைப் பக்ரீத் குர்பானிக்குக் கொடுக்க முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

"நான் சாமியாண்ட ஒண்ணும் சொல்லல பாய். வாட்சராண்டயும் சாராண்டயும்தான் சொன்னேன்" என்றாள் செல்வி. நான் அங்கேதான் இருந்தேன். அவள் சொன்னதைக் கேட்காத மாதிரி ஏரியைப் பார்த்துக்கொண்டேன். கரீம் பாய் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"உங்க சாமி விஷயத்துல நான் தீர்ப்பு சொல்லக்கூடாதும்மா. பூசாரி அவர் வாயால 'இது எங்களது இல்ல'ன்னு சொல்லட்டும், இப்பவே ஏத்திக்கிறேன்."

கற்பூரம்

பூசாரி சம்மதிக்க ஒரே வழிதான் இருந்தது. முனீஸ்வரன் எதிரில் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, 'நான் நேர்ந்துவிடவில்லை, மேய்ச்சலுக்காகத்தான் துணி கட்டினேன்' என்று செல்வி சத்தியம் செய்ய வேண்டும். அப்படிச் சொன்னால் அது எனக்கு வாக்குமூலம், கிடாக்களைப் பட்டியில் அடைக்காமல் நான் இருக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "பட்டியில அடைச்சா மீட்டுக்கலாம் சார். சாமியாண்ட அடைச்சா மீட்க முடியுமா?" என்றாள். கிடாக்களின் பக்கமிருந்து பார்த்தால் எந்த முடிவும் பெரிய லாபமில்லை. ஆனால் அவற்றை யாரும் கேட்கவில்லை.

கற்பூரம் எரிந்தது. செல்வி கையை ஓங்கினாள், அடிக்கவில்லை. "துணி கட்டும்போது வாய் சும்மா இல்ல பூசாரி. 'அப்பா, இவங்க கையில மாட்டாம பாத்துக்கோ'ன்னு சொன்னேன். அது வேண்டுதல்ல சேருமா?" என்றாள். அதுவரை அவள் பயந்தது எனக்கு இல்லை, பாய்க்கும் இல்லை, சாமிக்குத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கரீம் பாய் கோயிலுக்கு வெளியே, செருப்போடு, தலை குனிந்து நின்றார்.

"குடுக்கறேன்னு சொன்னியா?" என்றார் பூசாரி.

"சொல்லல."

"கேட்ட, அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

அவர் கற்பூரத்தைத் தானே ஊதி அணைத்தார். அவளைச் சத்தியம் செய்ய விடவில்லை. ஒலிபெருக்கிக்காரனிடம் என்ன சொல்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தவர் போல இருந்தார். பிறகு தட்டிலிருந்த திருநீற்றை அவள் நெற்றியில் வைத்தார்.

"கேக்கறதுக்கெல்லாம் ஆடு வெட்டினா இந்த ஊர்ல ஆடு மிஞ்சுமா? ஓட்டிகினு போ."

அவள் ஓட்டிக்கொண்டு போனது நேராகப் பட்டிக்கு, முன்னால் நானும் பின்னால் மினி லாரியும். அபராதம் கட்டி வெளியே வந்த கிடாக்களைக் கரீம் பாய் பட்டி வாசலிலேயே ஏற்றிக்கொண்டார். ஆக, முனீஸ்வரன் விட்டுக்கொடுத்தார், கரீம் பாய் வாங்கிக்கொண்டார், செல்வியின் மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாள், தின்று தீர்த்த கன்றுகளை மட்டும் யார் திருப்பித் தருவது என்று எந்தச் சாமியும் சொல்லாததால் அவற்றை மறுபடி நட்டுக்கொண்டிருக்கிறேன்.