அடுக்கில் எழுந்த முகம்

படத்துக்குச் சட்டம் போடும் பிரேம் கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் அந்தக் கொலையைச் செய்தார்.

"தாளெல்லாம் தூக்கிட்டு நின்னுச்சும்மா. பசை விட்டுப்போச்சு போலன்னு நானே அழுத்தி ஒட்டிட்டேன். இப்ப பாரு, இஸ்திரி போட்ட மாதிரி!"

அவள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் அவளைத் தெருவில் எல்லோரும் காகிதக்காரி என்பார்கள். படித்த படிப்புக்குத் தாள் வெட்டுகிறாயா என்று கேட்டவர்களும் உண்டு.

இது அவள் வெறும் தாளால் செய்த அம்மாவின் முகம். பென்சில் கோடு ஒன்றுகூடக் கிடையாது. கறுப்பில் தொடங்கி வெள்ளைவரை தாள்களை வெட்டி, நடுநடுவே அட்டைத் துண்டு வைத்து அடுக்குவாள். அந்த இடைவெளியில் விழும் நிழல்தான் மூக்கும் கன்னமும் சிரிப்பும். இப்போது நிழல் செத்து, அம்மா அடையாள அட்டைப் படம்போல முறைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மருத்துவமனைக் கூடத்தில் மாட்ட வேண்டும். பெரிய டாக்டர்களின் படங்கள் மட்டுமே தொங்கிய சுவரில், முதன்முதலாகத் துப்புரவு வேலை செய்யும் ஒருத்தியின் முகம். "மாப்பு பிடிச்சவளை யார் பாக்கப்போறா?" என்று அலுத்துக்கொண்டே அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

"கண்ணாடியைக் கழட்டுங்கண்ணே."

"கிழிஞ்சுடும்மா!"

"கிழிஞ்சா என் பாடு, எங்கம்மா பாடு."

பசை இறுகிவிட்டது, எல்லாவற்றையும் பிரிக்க வழியில்லை. எது எழுந்தால் அம்மா அம்மாவாவாள் என்று யோசித்தாள். கத்தி நுனியை இமையின் கீழ் நுழைத்தாள். பிறகு கன்னமேடு, உதட்டோரம். மேல்தாளை மட்டும் நெம்பி, பொடி அட்டைகளை முட்டுக் கொடுத்தாள். கண்ணோரம் தாள் பிய்ந்து அடியிலிருந்த கருமை தெரிந்தது. அம்மாவுக்குச் சுருக்கம் விழுவதும் அங்கேதான். அப்படியே விட்டுவிட்டாள்.

கடைக்காரர் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார். "அட! இப்ப உங்கம்மா என்னைத் திட்டப்போறாங்க போல!"

"அப்போ சரியா வந்திருக்கு."

எழுந்து நின்ற தாள்மேல் கண்ணாடி பொருந்தவில்லை. மறுநாள் காலை கண்ணாடி இல்லாமலேதான் படம் மருத்துவமனைச் சுவரேறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த மேலாளர் உற்றுப் பார்த்தார்.

"பிரமாதம். ஆனா கண்ணாடி இல்லாம தூசி படியாதா?"

சீருடையோடு நின்ற அம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"நான் இருக்கற இடத்துல தூசியா? யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்கறீங்க சார்!"

கூடமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை, மகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"என் பொண்ணு பண்ணது. மொத்தமும் வெறும் தாள். பக்கத்துல வந்து பாருங்க. கையை மட்டும் வைக்காதீங்க."