மூன்று நிமிடம், பதினான்கு பொருள்

போன ஞாயிறு காலை பத்தே கால் மணிக்கு என் அம்மா செத்துப்போனாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பதறாதீர்கள்... ஒத்திகைதான்.

போடிமெட்டுக்குப் பக்கத்திலுள்ள எஸ்டேட்டில், சரிவுக்குக் கீழே எங்கள் லயம். பத்து வீடு, ஒரே வரிசை. மழைக்காலத்துக்கு முன்னால், இந்தப் பக்கத்து முன்னாள் ராணுவத்தினர் ஒன்றுசேர்ந்து மண்சரிவு ஒத்திகை நடத்தினார்கள். விசில் ஊதிய மூன்று நிமிடத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் கழுத்தில் கறுப்பு அட்டை — இறந்தவர் என்று அர்த்தம். தனியாக உட்கார வேண்டும். டீயும் கிடையாது!

லீவில் வந்திருந்த நான் முன்கூட்டியே மைதானத்துக்குப் போய் நின்றிருந்தேன். விசில் கேட்டதும் எல்லோரும் ஓடிவந்தார்கள். பக்கவாதம் வந்தவரைக்கூட நாற்காலியோடு தூக்கி வந்துவிட்டார்கள். அம்மா எங்கே?

ஐந்தாவது நிமிடம் வந்தாள். தோளில் பெரிய பை.

எங்கள் லயத்திலேயே பிறந்த ரிட்டையர்ட் ஹவில்தார் முருகேசன் சிரிக்காமல் அட்டையை மாட்டினார். "பாண்டியம்மா, நீ செத்துட்ட. அந்தப் பக்கம் போயி உக்காரு."

"என்னண்ணே, காலங்காத்தால இப்பிடிச் சொல்லுதீக?"

"மண்ணு வந்து ரெண்டு நிமிசம் ஆச்சு."

"அப்ப அவ டீய எனக்குக் குடுங்க!" என்றாள் பக்கத்து வீட்டு ராசாத்தி. மைதானமே சிரித்தது. நானும்தான்.

"உள்ள என்னத்தத் தேடிட்டு இருந்த?" என்று கேட்டார் முருகேசன்.

அம்மா ஒரு தாளை நீட்டினாள். "இதுல உள்ளதத்தான்ணே. அவசரம்னா இந்தப் பதினாலும் எடுத்துட்டு வெளிய வரணும்னு எம்மக எழுதிக் குடுத்துருக்கா. டார்ச்சு பேட்டரிதான் ஆம்புடல."

என் கையெழுத்து. ரேஷன் கார்டு, ஆதார், பிரஷர் மாத்திரை, டார்ச், பேட்டரி... நம்பர் போட்டு, கட்டம் கட்டி!

கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபேக்டரியில் நான் சேஃப்டி இன்ஜினியர். சைரன் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் தருபவள். பெற்றவளுக்கு எப்படி இதை எழுதினேன்? தூரத்தில் இருக்கும் பிள்ளைகளின் அக்கறை, வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலையாகத்தான் போய்ச் சேருகிறதோ?

முருகேசன் தாளை முழுசாகப் படித்தார். என்னைப் பார்த்தார். "ஏம்மா இஞ்சினியரு, இதுல ஒங்கம்மா எத்தனாவது நம்பரு?"

நான் தாளை வாங்கி நான்காக மடித்தேன்.

மதியம் மறுபடி விசில். அம்மா வெறுங்கையோடு இரண்டே நிமிடத்தில் வந்து, டீயை வாங்கிக்கொண்டாள். எப்படி என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். திறக்கவே ஒரு நிமிடம் பிடிக்கும்படி இறுகிக் கிடந்த கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டிருந்தாள்.

என் பதினான்கில் அது இல்லை.