இடக்கைக்குச் செய்த கத்தி

இறந்தவரைப் பற்றி ஆளாளுக்கு நல்லதாக எழுதத் தொடங்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்தி சேர்க்கிற எங்கள் குழுவின் இணையப் பக்கத்தில், நான் அண்ணை என்று கூப்பிட்டவரைப் பற்றி வந்தவற்றைப் படித்தபோதும் அப்படித்தான். பண்பாளராம், அமைதியானவராம், எல்லோரையும் அரவணைத்துப் போனவராம். யாரைச் சொல்கிறார்கள் என்று மேலே போய்ப் படத்தைப் பார்த்தேன். அண்ணையின் படம்தான். அவரா அமைதியானவர்? பிடி சரியில்லாத கத்தியைக் கண்டால் செய்தவரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சிரித்தால் மண்டபத்தின் மறு கோடியில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். தொழிற்சாலைக் கத்தியைக் கைவேலை என்று சொல்லிப் புதிதாய் வந்த ஒருவருக்கு விற்கப் பார்த்த வியாபாரியைச் சாமான்களோடு வெளியே அனுப்பியவர் அவர்தான். அதற்காகத்தானே அவரை எங்களுக்குப் பிடித்தது. அதை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை.

கத்தி சேர்க்கிறேன் என்று சொன்னால் நம்மவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இது ஒருவர் தன் பட்டறையில் ஒவ்வொன்றாகச் செய்யும் கத்திகளை ஓடர் கொடுத்து வாங்கும் பைத்தியம். நான் இங்கே கனடாவில், மிசிசாகா விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கிற வேலை செய்கிறேன். "கிழமை முழுக்க மற்றவையின்ர கத்தியைப் பறிக்கிறாய், லீவு நாளில உன்ர காசில வாங்குறாய்" என்று என் கணவர் கேலி செய்வார். எங்கள் குழுவில் பெண்கள் மிகக் குறைவு, தமிழர் என்றால் அண்ணையும் நானும்தான். நான் முதல் முறை போனபோது கணவருக்குத் துணையாக வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒருவர் எனக்கு உட்காரக் கதிரை கொண்டுவந்தார். இன்னொருவர் கத்தியைக் காட்டியபோது தன் கையை விட்டு எடுக்கவேயில்லை, குழந்தைக்குப் படம் காட்டுகிற மாதிரி.

அண்ணை அப்படியில்லை. தான் அன்றுதான் வாங்கிய கத்தியை என் கையில் வைத்து, பையிலிருந்து ஒரு மாம்பழத்தையும் எடுத்து நீட்டினார். "வெட்டிப் பாரும் பிள்ளை. வெட்டாமல் கத்தியைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். சுற்றி நின்றவர்கள் பதறிப் போனார்கள். சேர்ப்பவர்கள் மத்தியில் புதுக் கத்தியால் எதையும் வெட்டுவதில்லை. பார்த்துவிட்டு மெல்லிய துணியால் விரல் அடையாளத்தைத் துடைத்துத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் மாம்பழத்தை வெட்டினேன். அண்ணை ஒரு துண்டை எடுத்து, பதறியவர்களில் ஒருவருக்கே கொடுத்தார். அன்றிலிருந்து நான் அந்தக் குழுவில் ஒரு ஆள்.

அவரிடம் அழகான கத்திகள் பல இருந்தன. ஆனால் குழுவில் எல்லோருக்கும் தெரிந்தது ஒரு சமையல் கத்திதான். பாத்திரம் துடைக்கிற துவாயில் சுற்றிக் கொண்டுவருவார். கறையேறும் உருக்கால் செய்தது அது. வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் மீனும் பட்டுப் பட்டு அலகு நீலமும் சாம்பலுமாக நிறம் மாறியிருந்தது. பிடியின் ஒரு பக்கம் தேய்ந்து குழிந்திருந்தது. குழு ஆட்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எப்படிப் பாவித்திருக்கிறார் மனிதர்!" என்று வியப்பார்கள். அண்ணை ஒவ்வொரு முறையும் சொல்வார், "நான் பாவிக்கேல்லை, என்ர மனிசி பாவிக்கிறது." எல்லோரும் சிரிப்பார்கள். பகிடி என்று நினைத்தார்களாம்.

அது பகிடி இல்லை. அது அவர் மனைவியின், நான் அக்கா என்று கூப்பிடுகிறவரின் கத்தி. அக்கா இடக்கைக்காரி. மன்னாரில் சின்ன வயதில் அந்தக் கைக்காக அடி வாங்கியவர். கலியாணம் முடித்து வந்தும் வலக்கைக்காரருக்குச் செய்த கத்திகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே சமைத்தவர். அண்ணை அவரைக் காரில் ஏற்றிப் பட்டறைக்குக் கூட்டிப்போய், களிமண் உருண்டையை இடக்கையால் பிடிக்க வைத்து, அந்த அச்சுக்கே பிடி செய்வித்தார். அலகையும் இடக்கைக்கு ஏற்றபடி ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டச் சொன்னார். இதையெல்லாம் அக்காதான் எனக்குச் சொன்னார், மல்வேர்னில் அவர்களுடைய வீட்டுக் குசினியில், விளைமீன் வெட்டிக்கொண்டே. அந்தக் கை போகிற வேகத்தை நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். குழுவில் வேறு யாராவது அந்த வீட்டு வாசலை மிதித்திருக்கிறார்களா? இல்லை.

அண்ணையின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில், பெட்டிக்குப் பக்கத்தில் அழுது களைத்துப்போய் இருந்த அக்காவிடம் போய், எங்கள் குழுத் தலைவர் "அவருடைய" சமையல் கத்தியைக் கேட்டிருக்கிறார். அடுத்த கண்காட்சியில் நினைவு மேசை போடப் போகிறார்களாம். அக்கா எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை. குசினியில் கிடக்கிறது, எடுத்துக் குடு என்று மகளிடம் சொல்லிவிட்டார். நான் அப்போது வேலையில் நின்றேன்.

கண்காட்சி நாளும் முப்பத்தோராம் நாள் பூசையும் ஒரே சனிக்கிழமையில் வந்தன. பூசை பின்னேரம். சாப்பாட்டை ஓடர் பண்ணுவோம் என்று எல்லோரும் சொல்லியும் அக்கா மீன் குழம்பை மட்டும் விடவில்லை. அவருக்குப் பிடித்ததை நான்தான் வைக்க வேணும் என்று நின்றார். முதல் நாள் எனக்குப் போன் எடுத்து, "கத்தியை மட்டும் அவையிட்ட மறக்காமல் வாங்கிக்கொண்டு வா. வேற கத்தியள் என்ர கைக்குச் சரிவருதில்லை" என்றார்.

காலையில் மண்டபத்துக்குப் போனேன். நினைவு மேசையில் கறுப்பு வெல்வெற்றின் மேல் ஒரு கத்தி மின்னியது. யாரோ புதுக் கத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிடியின் மரத்தில் இருந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன்.

நிறம் முழுவதையும் உரித்துவிட்டிருந்தார்கள். மெஷினில் போட்டு முகம் தெரிய மினுக்கியிருந்தார்கள். குழிந்த பிடியை அரத்தாளால் தேய்த்து இரண்டு பக்கமும் சமமாக்கியிருந்தார்கள். அதைவிட மோசம், அலகையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தீட்டியிருந்தார்கள். தீட்டியவர் பக்கத்தில்தான் நின்றார். "அருமையான மனிதர், ஆனால் தீட்டத் தெரியாது. ஒரு பக்கமாகவே தீட்டி வைத்திருந்தார். திருத்திவிட்டேன்" என்று செல்லமாகச் சொல்லிச் சிரித்தார். கண்ணும் கலங்கியிருந்தது. பல மாலை நேரங்களை இதற்காகச் செலவழித்தாராம். அன்பாகச் செய்ததாம். அந்த அன்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கத்தியென்றால் நுனி முதல் பிடி வரை அளந்து பார்க்கிற கூட்டம், இது எந்தக் கைக்குச் செய்தது என்று ஒருவராவது கேட்டாரா?

மண்டபத்தில் வைத்தே கத்தினேன். நான் கத்தினால் கொஞ்சமாய்க் கத்துவதில்லை. இது அக்காவின் கத்தி, இடக்கைக் கத்தி, இன்றைக்கு அவருக்குத் தேவை என்றேன். தலைவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், "அவர் மனைவி ஒருநாளும் கூட்டத்துக்கு வந்ததில்லையே" என்றார். வந்தால்தான் கை இருக்குமா? கத்தியை எடுத்தேன். குழுவின் சார்பில் தானே கொடுக்க வேண்டும் என்று அவர் அதை வாங்கி ஒரு பரிசுப் பெட்டியில் வைத்துக்கொண்டு என் காரில் ஏறிக்கொண்டார். மல்வேர்ன் வரையும் அண்ணையின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு காரை ஓட்டினேன்.

அக்கா மீனைச் செதிள் தட்டிக் கழுவி, பலகையும் வைத்து ஆயத்தமாக நின்றார். தலைவர் இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திறந்தார். கத்தியை இடக்கையில் எடுத்து, பிடியை மாற்றி மாற்றிப் பிடித்தார். பிறகு ஒரு மீனை வைத்து வெட்டினார். அலகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. திரும்பவும் வெட்டினார். துண்டு கோணலாக வந்தது.

கத்தியைக் கழுவித் துடைத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"உது மாறி வந்திட்டுது பிள்ளை. என்ரயை வாங்கித் தா" என்றார்.

"இதுதான் அக்கா. மினுக்கிப்போட்டினம்" என்றேன்.

தமிழ் தெரியாத தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் நெகிழ்ந்துபோய் நிற்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். கத்தி இப்போது 'மின்ற்' நிலையில் இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியும். அன்று அவருக்குத் தமிழ்தான் வந்தது.

"மின்ற் எண்டால் என்ன?"

"ஒருத்தரும் பாவிக்காத மாதிரி இருக்கெண்டு சொல்லுறார் அக்கா."

அக்கா பெட்டியை மூடினார். "ஒருத்தரும் பாவிக்காத மாதிரி" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பன்ரெண்டு வருசம் ரெண்டு நேரமும் இதாலதானே அந்த மனிசனுக்குச் சமைச்சுக் குடுத்தனான்."

தலைவர் என் பக்கம் குனிந்து, சந்தோஷப்படுகிறாரா என்று கேட்டார். ஓம் என்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் வசதி. அவர் போய்க் குழுவின் பக்கத்தில் இன்னொரு பந்தி எழுதியிருப்பார்.

நான் வாயைத் திறக்கும் முன்னரே அக்கா அவரை நேரே பார்த்தார். ஆனால் என்னிடம்தான் சொன்னார்.

"செத்தது அவர், நான் இல்லை எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன்.