வெள்ளம் வராத நாள்

பொந்தியான் கடற்கரையோரம் அலையாத்திக் காட்டுக்குள் போகும் மரப்பாலத்தில், தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்திருந்த எட்டுப் பேரை, வழிகாட்டியான என் அண்ணி வரிசையாக நிறுத்தினார். கீழே இருக்கும் சேற்றைப் பார்க்கச் சொன்னார். எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

"வெறும் சேறுங்க. ஒன்னையுங் காணமே," என்றார் திருப்பூர்க்காரர். பனியன் கம்பெனி வைத்திருப்பவர். அந்தக் குழுவைச் சேர்த்துக் கூட்டி வந்தவரும் அவர்தான்.

"பாருங்க ஐயா. அது உங்கள பாத்துக்கிட்டு இருக்கு."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அண்ணி காத்திருந்தார். பிறகு சேற்றில் ஒரு கட்டி கண் விழித்தது. இன்னொரு கட்டி துள்ளியது. துடுப்பைக் காலாக ஊன்றி நடக்கும் மீன்கள். ஒன்றைக் கண்டுகொண்டபின் எங்கும் அவைதாம். ஒற்றைக் கை மட்டும் பெருத்த சிவப்பு நண்டுகள் வளையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதற்கப்புறம்தான் அண்ணி மீனின் பெயரைச் சொன்னார், அது எப்படி மூச்சு விடுகிறது என்பதைச் சொன்னார்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசி களையும் அதே அண்ணிதானா என்று இருந்தது எனக்கு.

நான் அங்கே போனதே தற்செயல். உதவிக்கு வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நான் கருவித் தொழில்நுட்பராக இருக்கிறேன். அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் காட்டும் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாமான்கள் என் பொறுப்பு: குடிநீர், முதலுதவிப் பெட்டி, மிதவை அங்கிகள், அட்டை ஏறினால் போட உப்பு, மழைக்கோட்டு, சைவ உணவுக்காரர்களுக்குத் தனிப் பொட்டலம். எடுத்து வைத்ததை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அண்ணி பார்த்துவிட்டு, "வேன்ல ஆளுக்கும் கொஞ்சம் எடம் விடும்மா," என்றார்.

அந்தப் பயணத்தில் அண்ணிக்கு ஒன்று ஆகவேண்டியிருந்தது. மாசாயில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்: அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான். அண்ணி பல வருடம் சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். விடியுமுன் மோட்டார்சைக்கிளில் கடல்மேல் இருக்கும் எல்லைப் பாலத்தைத் தாண்டுவார். கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் பெரும்பாலும் தூங்கிவிட்டிருப்பாள். அந்த வேலையை விட்டுவிட்டு இயற்கை வழிகாட்டிப் படிப்பு முடித்து, தம்போயில் ஒரு சின்ன சுற்றுலா நிறுவனத்தில் கூப்பிடும்போது மட்டும் போய்க்கொண்டிருந்தார். இந்தக் குழு திருப்தியாகத் திரும்பினால் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் மறுபடியும் பாலம்தான்.

மூன்று நாளில் அண்ணியிடம் நான் கவனித்தவை பல. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார். "தெரியல ஐயா, கேட்டுச் சொல்றேன்," என்பார், அடுத்த நாள் பசியாறும்போது பதிலோடு வந்து நிற்பார். பசியாறுவது என்றால் எங்கள் ஊரில் காலைச் சாப்பாடு. முதல் நாள் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டதற்கு, "அம்புட்டு பசியா இருக்குற மாதிரியாளா தெரியுது?" என்று திருப்பூர்க்காரரின் மனைவி திருப்பிக் கேட்டார். அவர் தென்காசியில் பிறந்தவர். அலையாத்தி வேர், அன்னாசித் தோட்டம், நீரின்மேல் கால் ஊன்றி நிற்கும் மீனவர் வீடுகள், எதைக் காட்டினாலும் ரசிப்பார், ரசித்துவிட்டுக் குற்றாலத்தை ஒரு படி மேலே வைப்பார்.

இரண்டாம் நாள் மதியம் எல்லோருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. வாசலில் செருப்புகள் குவிந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டு மலாய் அக்கா ஒரு தட்டு நிறைய வாழைப்பழப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். என்ன விசேஷம் என்று கேட்கவே இல்லை. "யாரு எவருன்னு கேக்காமலா குடுத்துட்டுப் போறாங்க?" என்று திருப்பூர்க்காரர் வியந்தார். எனக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்தது. அவர்களை அழைத்துக்கொண்டு போய் அந்த அக்காவுக்கு அறிமுகம் செய்துவைத்தார். சாப்பாடு அரைமணி தள்ளிப்போனது. மூன்று நாளில் அவர்கள் அதிகம் படம் எடுத்தது அந்த வீட்டு வாசலில்தான்.

"எல்லாம் சரிளா. நாளைக்கு அருவியில தலையக் குடுத்தாத்தான் எனக்கு வந்த கணக்கு," என்றார் தென்காசி அம்மா.

மூன்றாம் நாள் அருவி. பயணத் திட்டத்தில் முதல் பக்கத்துப் படமே அதுதான்.

உள்நாட்டுப் பக்கம், மலையடிவாரக் காடு. நுழையும் இடத்தில் மஞ்சள் பூசிய ஒரு சின்ன டத்தோ மாடம். அண்ணி நின்று கும்பிட்டார்.

"இது யாரு சாமி?" என்றார் தென்காசி அம்மா.

"இந்த எடத்துக்குக் காவல் மா. அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறப்ப ஒரு வார்த்த கேட்டுட்டுத்தானே போவோம்?"

"எங்க ஊர்ல சுடலைமாடன்," என்று அவரும் கும்பிட்டார்.

காட்டுக்குள் நடை நன்றாகப் போனது. அருவிக்கு முன் ஆற்றை ஓரிடத்தில் கடக்க வேண்டும். முழங்கால் ஆழம்தான், அடியிலிருக்கும் கூழாங்கல் தெரிகிற தண்ணீர். எதிர்க்கரைக்கு அப்பால் அருவி விழும் ஓசை கேட்டது. அண்ணி எங்களை மேட்டில் உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கச் சொன்னார். தான் மட்டும் கீழே இறங்கி, ஒரு குச்சியை ஒடித்து நீர் தொடும் விளிம்பில் நட்டார். எப்போது கடந்தாலும் அவர் அப்படித்தான் செய்வாராம்.

தென்காசி அம்மா அதற்குள் கொண்டையை அவிழ்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "போவமா?"

"கொஞ்சம் இருங்க மா."

அண்ணி எங்களைப் பார்க்கவில்லை. குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் அதைத் தாண்டி மேலே ஏறியிருந்தது, இரண்டு விரற்கடைதான். காய்ந்த இலைகள் மிதந்து வந்தன. பிறகு கொஞ்சம் நுரை. கூழாங்கல் மங்கிக்கொண்டே போய், தண்ணீர் மெல்லத் தேநீர் நிறத்துக்கு மாறியது. எங்கள் தலைக்குமேல் நல்ல வெயில். மலையுச்சியை மட்டும் மேகம் மூடியிருந்தது.

"திரும்புறோம்," என்றார் அண்ணி.

"ஏனுங்க, மழையே இல்லையே!" என்று திருப்பூர்க்காரர் எழுந்துவிட்டார்.

"இங்க இல்ல ஐயா. மேல பேயுது போல. மேல பேஞ்ச தண்ணி சேந்து ஒரே மூச்சுல எறங்கும். நாம அந்தப் பக்கம் இருக்கும்போது எறங்குனா திரும்பி வர முடியாது. நடுவுல இருக்கும்போது எறங்குனா..."

"முட்டி அளவுத் தண்ணிங்க. இந்த அருவிப் படத்தப் பாத்துட்டுத்தானுங்க நாங்க எட்டுப் பேரும் வந்தோம். வேணும்னா கைதூக்கிப் பாத்துரலாம், எத்தன பேரு போலாங்கறாங்கன்னு."

"இதுக்குக் கைதூக்குறது கெடையாது ஐயா. என்னைத் திட்டுங்க. கேட்டுக்கிறேன். திரும்புவோம்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊர் மாணவர்கள் நாலு பேர், கையில் ஒலிபெருக்கியோடு பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அண்ணி அவர்களிடம் மலாயில் எச்சரித்தார். ஒருவன் மரியாதையாகத் தலையாட்டினான். பிறகு நாலு பேரும் ஆற்றில் இறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போய்விட்டார்கள்.

"அவனுங்க போறானுங்க பாருங்க," என்றார் திருப்பூர்க்காரர். அண்ணி எல்லோருடைய பைகளையும் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

மேட்டில் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு ஓய்வுக் குடில் இருந்தது. மாணவர்கள் திரும்பும்வரை அங்கேயே இருக்கவேண்டும் என்றார் அண்ணி. நான் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். நடுவில் நான் போய்க் குச்சியைப் பார்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணி, நின்னுருச்சு. அதுக்கு மேல ஏறல. இப்ப போலாம்ல?"

"நின்னது எனக்கும் தெரியுது. ஏன் நின்னுச்சுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது."

"அப்புறம்?"

தொழிற்சாலையில் எங்கள் கருவிகளில் ஒரு ரகம் உண்டு. தொட்டியில் மட்டம் எல்லையைத் தாண்டினால், யாரையும் கேட்காமல் வால்வை மூடிவிடும். உற்பத்தி நின்றுபோகும். மறுநாள் கூட்டத்தில், ஏன் நின்றது, யார் பொறுப்பு, எவ்வளவு நட்டம் என்று மட்டுமே பேசுவார்கள். தொட்டி வழியாமல் போனதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். நடக்காத ஒன்றைக் காட்ட ஆதாரம் கிடையாது. கருவிக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. அண்ணிக்கு அந்தக் கூட்டமும் தெரியும், மகள் தூங்கும் நேரமும் தெரியும். தெரிந்துகொண்டேதான் வால்வை மூடியிருந்தார்.

வெள்ளம் வரவில்லை. மாணவர்கள் நாலு பேரும் தலை சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். அருவியில் எடுத்த காணொளியை ஒருவன் திருப்பூர்க்காரரிடம் ஆசையாகக் காட்டினான். அவர் முழுவதும் பார்த்தார். அண்ணி மாணவர்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "நல்லபடியா வந்துட்டாங்க. போலாங்க," என்றார்.

திரும்பும் வழியில் வேனில் தென்காசி அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஈரமாகாத துண்டு மடியில் கிடந்தது. முன்னால் இருந்த அண்ணியின் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"ஏளா, குத்தாலத்துலயும் தண்ணி கூடுச்சுன்னா போலீஸ்காரன் ஊதல் ஊதி எல்லாரையும் வெரட்டுவான். எண்ணெய தேச்சுட்டு நிக்கையில வெரட்டுவான். நான் ஒவ்வொரு தடவையும் அவன வைவேன். ஒன்னையும் வஞ்சாச்சு, மனசுக்குள்ள."

"மனசுக்குள்ள மட்டுமா மா? எனக்கு இங்க காது வலிச்சுச்சே."

வேனில் அதன்பிறகுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. திருப்பூர்க்காரர் சிரிக்கவில்லை. விமான நிலையத்தில் அண்ணிக்கு மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, கொஞ்சம் ஒதுங்கிப் போய்த் தம்போய் முதலாளிக்கு ஃபோன் போட்டார். என்ன பேசினார் என்று எங்கள் காதில் விழவில்லை. நீளமாகப் பேசினார்.

இரண்டு நாள் கழித்து, மிதவை அங்கிகளைத் திருப்பிக் கொடுக்க அண்ணியோடு நானும் தம்போய்க்குப் போனேன். கார் பட்டறைக்கு மேல்மாடியில் அலுவலகம். கீழே தகரம் தட்டும் சத்தத்தில் உரக்கப் பேசினால்தான் கேட்கும். முதலாளி ஐம்பதைத் தாண்டிய தமிழர். உட்காரச் சொன்னார், பாலில்லாத் தேநீரான தே ஓ வரவழைத்தார், பிறகு நேராகக் கேட்டார்.

"அன்னிக்கி வேற கைடு போயிருந்தா, அருவிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பான்ல?"

"போயிருப்பாங்க பாஸ்."

"பத்தரமா திரும்பியிருப்பான்ல?"

"அன்னிக்கி திரும்பியிருப்பாங்க."

"அலாமாக், நீயே சொல்ற! கெஸ்ட்டு ஃபோன்ல என்னைப் புடிச்சு வாங்கு வாங்குனு வாங்கிட்டாரு. பேச்சு, வீட்டுச் சாப்பாடு, மீன் நடந்தது எல்லாம் அருமையாம். அருவிதான் இல்லையாம். முன்பக்கத்துல படத்தப் போட்டுட்டு நான் என்ன பதில் சொல்லுறது?"

"படத்துக்குக் கீழ 'ஆறு வழிவிட்டால்'னு ஒரு வரி போட்ருங்க பாஸ்."

முதலாளி சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தே ஓவை ஆற்றினார். நான் மேசைமேல் இருந்த மிதவை அங்கிகளின் பட்டைகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"மாசச் சம்பள விஷயம்..." என்று இழுத்தார். "கொஞ்ச நாள் போகட்டும் லா. பாப்போம்."

"சரிங்க பாஸ்," என்று அண்ணி எழுந்தார். குரல் மாறவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டேன். கதவருகில் போனபோது முதலாளி கூப்பிட்டார்.

"இரு. என் மக ஃபிரண்டுங்களோட அதே காட்டுக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்குறா. அடுத்த வாரம். நீ கூட்டிட்டுப் போறியா? வேற யார்கூடயும் அனுப்ப மனசு வரல."

கீழே தகரச் சத்தம் ஒரு கணம் நின்றிருந்தது. அண்ணி கதவில் வைத்த கையை எடுக்காமலே திரும்பினார்.

"ஒங்க மகளுக்கு ஒரு கைடு, வர்ற கெஸ்ட்டுக்கு ஒரு கைடா பாஸ்?"

முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு தே ஓவைப் பார்த்தார். பட்டறையில் மறுபடி தட்ட ஆரம்பித்தார்கள். அவர் ஏதோ சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை.

"என்ன பாஸ்?"

"திங்கக்கெழம வான்னேன்!" என்று கத்தினார். "ஐ.சி. கார்டு, சர்டிபிகேட்டு, எல்லாம் எடுத்துட்டு வா. மாசச் சம்பளத்துக்குக் கடுதாசி தயார் பண்ணி வைக்கிறேன்."

கீழே இறங்கி வந்தோம். மோட்டார்சைக்கிளில் ஏறித் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்ட அண்ணி, வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் தோள்கள் மெல்லத் தளர்வது தெரிந்தது.

"போலாமா அண்ணி?"

"போலாம்," என்றார். "பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் விடுற நேரம். இன்னிக்கு நானே போய்க் கூட்டிட்டு வரேன்."